தூங்கும் நெஞ்சுக்குக் காவல்

ரொட்டிக்காரருக்கு வேலை இரவில், தூக்கம் பகலில். ஊரே அவர் சுட்ட ரொட்டியைக் கடிக்கும் நேரத்தில் அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார். படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிற மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் அடுப்புச் சூட்டில் நின்றபடியே மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் பட்டதும் எழுந்து, வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று உடன் வேலை செய்பவர்களிடம் கெஞ்சினார். அவர் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் சோர்வு பிடித்துக்கொண்டது. மாவு பிசையும்போதே கண் சொருகியது. நெஞ்சைச் சோதித்துவிட்டு வந்தால்தான் அடுப்புப் பக்கம் விடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அடுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா மார்பில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, ஒரு முழு நாள் அப்படியே இருக்கச் சொன்னார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மனைவியும் கூட வந்தாள். திரையில் ஓடிய கோடுகளில் ஒன்று மட்டும் டாக்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. தூங்கியதும் துடிப்பு அழகாக இறங்குகிறது, பிறகு திடுதிப்பென்று ஏறுகிறது. மறுபடி இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. படுக்கைக்குப் பக்கத்தில் மணி ஏதாவது அடிக்கிறதா என்று கேட்டார்.

மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எழுப்புறேன் டாக்டர். நெஞ்சுல காதை வெச்சுக் கேப்பேன். துடிப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். நின்னுடுமோன்னு பயந்து உலுக்கிடுவேன்."

தண்ணீர் வேண்டுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று அவள் எழுப்பி எழுப்பிக் கேட்டதெல்லாம் எதற்கென்று ரொட்டிக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. வயதாக ஆக இவளுக்குத் தொணதொணப்பு கூடிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தார்!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இதயம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், ஆனால் கடிவாளம் நரம்புகளிடம் இருக்கிறது என்றார். விரட்டுகிற நரம்பும் உண்டு, இழுத்துப் பிடிக்கிற நரம்பும் உண்டு. தூக்கத்தில் இழுத்துப் பிடிக்கிற நரம்பின் ராஜ்யம்தான். அன்றைய மயக்கம் சூட்டில் வெகுநேரம் நின்றதால் வந்தது. நன்றாகத் தூங்கித் தெளிந்தபின் தாராளமாக வேலைக்குப் போகலாம்.

"அது நிக்கப்போறதில்லைம்மா, இளைப்பாறுது. அவரைத் தூங்க விடுங்க, போதும்."

வீட்டுக்கு வந்து படுத்ததும் ரொட்டிக்காரர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கேக்கணும்னா கேட்டுக்கோ. எழுப்பாம இரு."

அவர் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உடம்பு பஞ்சாக லேசாகியிருந்தது. அவர் நெஞ்சில் காதை வைத்தபடியே அவள் தூங்கிப்போயிருந்தாள். இரவெல்லாம் அடுப்பை நினைத்து விழித்திருந்து, பகலெல்லாம் நெஞ்சைக் கேட்டு விழித்திருந்து, அவளும்தான் தூங்கி எத்தனை நாளாயிற்று! மூச்சு வருகிறதா என்றே தெரியாத அளவுக்கு அசைவின்றிக் கிடந்தாள். அவர் மெல்ல அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். துடிப்பு நிதானமாக வந்துகொண்டிருந்தது. அடுத்தது வரச் சற்றுத் தாமதமானது போலிருந்தது. தன்னை அறியாமலே அவளை உலுக்க அவர் கை போனது.

பிறகு அந்தக் கையை அவள் தலைமேல் வைத்துக்கொண்டு, அவள் தானாக எழும்வரை புரளாமல் படுத்திருந்தார்.