கறுப்புத் துணிக்குள் ஒரு நீலப்பொறி

எங்களுக்குக் கல்யாணமான வருஷமே கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஆட்களில் பாதிப் பேர் கிடைத்த ரயிலில் ஊருக்கு ஏறிவிட்டார்கள். என் புருஷனுக்குக் கோட்டையில் ஒரு கந்தோரில் கணக்கெழுதுகிற கிளாக்கர் வேலை. லீவு எடுக்க முடியாது. என்னையாவது அனுப்பிவைக்கச் சொல்லி என்னைப் பெற்ற ஐயா ஊரிலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். இவர் சரியென்றார். நானும் சரியென்றேன். அடுத்த கிழமை பயணம்.

அவர் நல்ல மனிதர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. காலையில் கடற்கரையோரம் நடந்து போய் ரயில் எடுப்பார், பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிப்பார், கறி நல்லாயிருக்குது என்பார். அவரைக் கூப்பிடவே எனக்குக் கூச்சம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கதவடியில் போய் நின்றுகொண்டு காப்பைக் குலுக்குவேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

பர்மா அரிசி நின்றுபோய், வீட்டு வளவிலெல்லாம் மரவள்ளி நடச் சொல்லி அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் பெரிய வளவு இருந்தது. முழுக்கப் புல்லும் தொட்டாற்சுருங்கியும். மண்வெட்டி பிடிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அவருடைய கந்தோரில் மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் பட்டாளத்துக்குப் போகும்போது, தன் பங்களாத் தோட்டத்தில் கிடந்த ஒரு சிறிய டிராக்டரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு சில்லும் நீளமான இரண்டு கைபிடியும் உள்ளது. பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது அது ஏதோ கடலில் கிடந்து எடுத்த சாமான் மாதிரி இருந்தது.

பயணத்துக்கு ஏழெட்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தினார். பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும், அதுவும் கொஞ்சம். ஆகவே எஞ்சினில் நெருப்புப் பொறி வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், வராவிட்டால் பெற்றோல் தேடுவதில் பிரயோசனமில்லை என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார். பொறி பறக்கிற பிளக்கைக் கழற்றித் துடைத்து, திரும்ப வயரில் மாட்டி, எஞ்சினின் இரும்போடு முட்டுகிற மாதிரி வைத்தார். பிறகு கப்பியில் கயிற்றைச் சுற்றி இழுத்தார். இழுத்துவிட்டு ஓடிவந்து குனிந்து பார்த்தார். எஞ்சின் சுற்றும்போதுதானே பொறி பறக்கும். இவர் வந்து குனிவதற்குள் அது நின்றுவிடும். இப்படியே பல தடவை. நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பாவமாக இருந்தது.

"இஞ்சை வாரும், ஒருக்கால் இதைப் பாரும்" என்றார் கடைசியில்.

போய்க் குந்தினேன். அவர் இழுக்க, நான் பிளக்கின் நுனியைப் பார்க்க வேண்டும். வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. சேலைத் தலைப்பை விரித்து நிழல் பிடித்தேன். அப்போதும் தெரியவில்லை. எஞ்சின் அதிர்கிற நேரம் பிளக் வேறு வழுக்கி வழுக்கி விழுந்தது. அவர் திரும்பவும் கயிற்றைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, இனி விழாமல் இருக்கட்டும் என்று வயரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன்.

கயிற்றை இழுத்ததும் யாரோ தடியால் முழங்கையில் அடித்ததுபோல இருந்தது. பின்பக்கமாக விழுந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"உனக்கென்ன விசரே?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. புருஷனை 'உனக்கு' என்று சொல்லிவிட்டேன், அதுவும் விசர், பைத்தியம் என்று. எங்கள் வீட்டில் அம்மா ஐயாவின் முன்னால் உட்கார்ந்துகூட நான் கண்டதில்லை. கை விறைத்துப் போயிருந்தது. அதைவிடப் பயம் அதிகம். அவர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்து, முடியாமல், மண்ணில் இருந்துவிட்டார்.

"ஓம், விசர்தான்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

எங்கள் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். பெண்சாதி பிள்ளைகளைக் கண்டிக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். நடந்ததை இவர் சொல்ல, அவர் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேருமாகக் குனிந்து வயரைப் பார்த்தார்கள். அதன் ரப்பர் உப்புக்காற்றில் வெடித்து, உள்ளே செம்பு தெரிந்தது. கரண்ட் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் பிளக்குக்குப் போக முந்தி வழியிலேயே கசிந்துவிடுகிறது என்று இவர் சொன்னார். கரண்ட் அடித்ததால்தான் அது தெரியவந்தது என்பதில் இவருக்கு ஒரே சந்தோஷம்.

"தங்கச்சி கைய வச்சது நல்லதாப் போச்சு" என்றார் நானா. "நாளைக்கிக் கடையால வரக்கொள புது வயர் கொண்டு வாறேன்."

சொன்னபடியே கொண்டுவந்தார். மறுநாள் பின்னேரம் இவர் கந்தோரால் வந்து தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. வயரை மாற்றிவிட்டு, விமானத்துக்குப் பயந்து யன்னலில் கட்டியிருந்த கறுப்புத் துணியைக் கழற்றிக்கொண்டு வந்து எஞ்சினுக்கு மேலே போட்டார். கயிற்றை நானா இழுக்க வேண்டும், தானும் நானும் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நானா மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உள்ளே கும்மிருட்டு. எண்ணெய் மணம். அவருடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது. பிளக்கை இந்த முறை அவரே ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பிடித்திருந்தார். நானா இழுத்தார். அந்தச் சிறிய இடைவெளியில் டிக் டிக்கென்று நீலமாகப் பொறி பறந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைக் கண்டேன். அவர் பிளக்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டீரோ?"

"ஓம்."

வெளியே நானா, பொறி வருதா வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

துணிக்குள் இருந்தபடியே அவர் மெல்லக் கேட்டார்: "அடுத்த கிழமை போகத்தான் வேணுமோ?"

"நான் போனால் ஆர் உங்களுக்கு இதைப் பிடிக்கிறது?" என்றேன்.

நான் போகவில்லை.

பெற்றோல் கிடைத்து எஞ்சினை ஓடவிட்ட நாளில் அது போட்ட சத்தத்துக்கு, ஒழுங்கைக் கடைசி வீட்டில் இருந்த பறங்கி மனுசி விமானம் என்று நினைத்துக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாவாம். அவவிடம் நாங்கள் மூவரும் போய் மன்னிப்புக் கேட்டோம். வளவை முழுதாக உழுது முடிக்கும் முன்பே பெற்றோல் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை நானும் அவரும் மண்வெட்டியால் கொத்தினோம். என் உள்ளங்கை காய்த்துப்போனது. கொத்திக்கொண்டே கதைத்தோம். அவருக்குச் சின்ன வயதில் அம்மை வந்தது, எனக்குப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது வந்த கோபம், எல்லாம் அந்த வளவில் கதைத்ததுதான்.

மரவள்ளி கிழங்கு விடும் காலத்தில் ஐயா என்னைக் கூட்டிப்போக நேரில் வந்துவிட்டார். முகம் இறுகியிருந்தது. நான் கிழங்கு அவித்து, சம்பல் இடித்து வைத்தேன். சாப்பிட்டார். நானும் இவரும் ஒரே வாங்குப் பலகையில் அருகருகே இருந்து கதைத்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு நாள் நின்றுவிட்டு, ஒரு சாக்குக் கிழங்கோடு தனியாக ரயில் ஏறினார். ஸ்டேஷனில் மருமகனின் தோளில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார்.

யுத்தம் முடிந்த பிறகு பேலியகொடைப் பக்கம் கீரைத்தோட்டம் வைத்திருந்த ஒரு சிங்களவர் வந்து டிராக்டரைக் கேட்டார். இவர் கொடுத்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அப்போது என் இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. டிராக்டர் ஏற்றிய வண்டி ஒழுங்கையால் திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உலை கொதிக்கிற சத்தம் கேட்டு உள்ளே போனேன்.