கண்டக்டர் பை போட்ட யு.கே.ஜி. பிள்ளைகள்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பைக்கடை. அதன் வாசலில் வைத்து என் ஐந்து வயது மகளின் தோளில் ஒரு ரெக்சின் பையை மாட்டி, "ஓடு பாக்கலாம்" என்றார் பி.டி. மிஸ். நாலு எட்டுகூட வைத்திருக்க மாட்டாள். பை கணுக்காலில் இடித்து, காலுக்குள் சிக்கி, குப்புற விழுந்தாள். அழவில்லை. எழுந்து உட்கார்ந்து பையை முறைத்தாள். மிஸ் என் பக்கம் திரும்பினார். "இத யாருக்கு டீச்சர் வாங்கினீங்க? இங்க நிக்கற பொண்ணுக்கா, அஞ்சாங்கிளாஸ் போனப்புறம் வரப்போற பொண்ணுக்கா?" கடைக்காரர், டீ கொண்டுவந்த ஆள், எல்லார் முன்னாலும் கேட்டார். முப்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் கோபம் வருகிறது, ஆனால் இப்போது அந்தக் கோபம் என்மேல்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை ஒட்டி ஒரு சிறிய பள்ளி. நான் அங்கே யு.கே.ஜி. டீச்சர், மகள் என் வகுப்பிலேயே படித்தாள். பி.டி. மிஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே கேன்வாஸ் ஷூவில் வருகிறாள் என்று ஊர் பேசும். "சாமி என் காலையா பாக்கறாரு?" என்பார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஒரு விடுமுறையில் பெட்டி நிறைய, எறிந்து விளையாடும் பிளாஸ்டிக் தட்டுகளைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் அவற்றை வைத்து கோல்ஃப் ஆடுகிறார்களாம். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. எறிய வேண்டும், விழுந்த இடத்துக்கு நடக்க வேண்டும், அங்கிருந்து மறுபடி எறிந்து கூடையில் போட வேண்டும். பிறகு அடுத்த கூடை. தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று, கூடைக்குள் மெல்லப் போட ஒன்று என்று ஆளுக்கு மூன்று தட்டுகள். மிஸ் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஒன்பது மூங்கில் கூடைகளைக் கட்டிவிட்டார். யார் ஆடப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, யு.கே.ஜி. பிள்ளைகள் என்றார்.

தாளாளர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுங்களுக்கு மூக்கு சிந்தவே ஆள் வேணும். கோல்ஃபா?" மைதானத்தைப் பெரிய வகுப்புப் பையன்களின் கிரிக்கெட்டுக்கு விடுவதாக அவர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவரை வராந்தாவும் களிமண்ணும்தான் விளையாட்டு. மிஸ் விடவில்லை. தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றார். கடைசியில் தாளாளர் ஒரு நிபந்தனை போட்டார். விளையாட்டு விழாவன்று யு.கே.ஜி. பிள்ளைகள் பதினோரு பேரும் ஒன்பது கூடைகளையும் சுற்றி வரட்டும். தட்டுகளை அவர்களேதான் சுமக்க வேண்டும். ஒரே ஒரு பையை ஆயாவோ அம்மாவோ தொட்டாலும் கூடைகளை அவிழ்த்துவிட வேண்டும், மைதானம் கிரிக்கெட்டுக்கு. மிஸ் யோசிக்கக்கூட இல்லை, சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, மாதிரிக்கு ஒரு பை வாங்கி வாருங்கள், பிள்ளைகள் தோளுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்றார்.

நான் வாங்கியது என் புத்திப்படி. எங்கள் வீட்டில் பாவாடை என்றால் மூன்று டக் வைத்துத்தான் தைப்பார்கள். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட, வெளுத்த துணிக்குக் கீழே வெளுக்காத துணி பட்டை பட்டையாகத் தெரியும். என்னைப் பார்த்தே எத்தனை வருஷத்துப் பாவாடை என்று யாரும் சொல்லிவிடலாம். செருப்பு ஒரு விரற்கடை பெரிது. நடந்தால் நான் வருவது தெருமுனைக்கே கேட்கும். உடம்புக்குச் சரியான ஒன்றைப் போட்டுக்கொள்வதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இத்தனையும் பட்டவள், மகளுக்கென்று வந்ததும் நேரே போய்ப் பெரிய பையை எடுத்தேன். வளர்கிற பிள்ளைதானே என்று வேறு சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். இன்று துணிக்கடையில் யாராவது "ரெண்டு வருஷம் வரும்மா" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து வந்துவிடுகிறேன். குழந்தை என்பது இனிமேல் வரப்போகிற யாரோ அல்ல, இன்றைக்கே முழு ஆள்.

நான் வாங்கிய பையைப் பார்த்ததும் மிஸ் என்னையும் மகளையும் அந்தப் பைக்கடைக்கே இழுத்துக்கொண்டு வந்திருந்தார். மகள் விழுந்து எழுந்ததும் அலமாரியையே இறக்கவைத்தார். ஜிப் வைத்த பையை என் மகளிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். அவள் பல்லால் இழுத்தாள். அதை ஒதுக்கினார். மெல்லிய வார் வைத்தது தோளை அறுத்தது. ஆழமான பையில் தட்டு அடியில் போய்விட, அவள் தலையையே உள்ளே விட்டுத் தேடினாள். கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "இன்னா டீச்சரம்மா, பை எடுக்க வந்தியா, பைக்குப் பரிச்ச வெக்க வந்தியா? பொயுது சாஞ்சிடும் போல கீதே" என்றார். அப்போது ஒரு கண்டக்டர் வந்து, வார் அறுந்த தன் தோல்பையைத் தைக்கக் கொடுத்தார். மிஸ் அதை வாங்கிப் பார்த்தார். அகல வாய், ஆழம் குறைவு, குனிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. தள்ளினால் திறக்கும் மூடி. குறுக்கே மாட்டிக்கொள்ள அகலமான வார். "அண்ணாத்தே, இதே மாதிரி ரெக்சின்ல, இந்தப் பொண்ணு இடுப்பு உயரத்துக்கு. பதினொண்ணு" என்றார். என் மகளின் தோளிலிருந்து இடுப்புவரை கடைக்காரர் நாடா வைத்து அளந்தார். தனக்கென்று ஒருவர் அளவெடுத்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பைகள் வந்ததும் பெற்றோர் கூட்டத்தில் பெரிய ரகளை. தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த ஒருவர் எழுந்தார். "எம்புள்ள நாளைக்கு ஆபீசராவப் போறவன். அவன் தோள்ல கண்டக்டர் பையா? இன்னா மிஸ், வெளயாடறீங்களா?" பலரும் ஆமாம் போட்டார்கள். மிஸ் எழுந்து நின்று பதில் சொன்னார். "ஆபீசர் பைய பியூன் தூக்கறான் சார். கண்டக்டர் பைய கண்டக்டரேதான் தூக்கறாரு. எனக்கு வேண்டியது ரெண்டாவதுதான்." எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். மிஸ்ஸுக்கும் அங்கேதான் வேலை, அதே தாளாளர்தான்.

விழாவன்று நல்ல வெயில். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே பெற்றோர்கள், பந்தலில் தாளாளர், கோட்டுக்குள் பதினோரு கண்டக்டர்கள். முதல் கூடையிலேயே ஒருவன் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி "ஹோல்டான்" என்று கத்த, எல்லோரும் நின்று, "ரைட்" என்றதும் நடந்தார்கள். தட்டுகள் கூடையில் விழுந்ததைவிடக் கூரையில் விழுந்ததுதான் அதிகம். ஆனால் ஒரு பையும் கைமாறவில்லை. எட்டாவது கூடை தண்ணீர்த் தொட்டியருகே. மற்றப் பத்துப் பேரும் ஒன்பதையும் முடித்துவிட்டார்கள். கடைசியாக வந்த என் மகள் அங்கே பொத்தென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அவள் எழவில்லை, தலை குனிந்திருந்தது. தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். "போதும் மிஸ். ஆயா, போய் அந்தக் கொழந்தையத் தூக்கிட்டு வாங்க. பாவம், முடியல." மிஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "யாரும் கோட்டத் தாண்டாதீங்க!" ஆயா நின்றுவிட்டார். தாண்டியது நான். பெற்றவள் அல்லவா, கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் மிஸ் "டீச்சர்! தொடாதீங்க டீச்சர்!" என்று கத்துவது கேட்டது. அந்தக் குரலில் அழுகையைக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

ஓடிப்போய்ப் பைக்குக் கை நீட்டினேன். விரல் படுவதற்குள் மகள் என் கையைத் தட்டிவிட்டாள். மடியில் பை திறந்திருந்தது. மூன்று தட்டுகளையும் எடுத்து மண்ணில் வரிசையாக வைத்துவிட்டு, கூடையையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளும்மா, மறைக்காத. எதப் போடலாம்னு பாத்துக்கினு இருக்கேன்."

நான் தள்ளி நின்றேன். அவள் சிவப்புத் தட்டை எடுத்தாள், மற்ற இரண்டையும் பையில் போட்டாள், எழுந்தாள். பந்தலில் தாளாளர் உட்கார்ந்தார்.