கிளினிக்கில் கொடுத்த வெள்ளை மாத்திரை

உங்கள் அம்மாவின் கழுத்தில் இருக்கும் கறுத்த தழும்புகள் அம்மை போட்டதால் வந்தவை என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மை இல்லை, மாத்திரை. நான் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நாம் மலேசியாவில், கிள்ளானில் இருந்தோம். கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் கவுண்டரிலேயே மருந்தும் கொடுத்துவிடுவார்கள். சின்ன பிளாஸ்டிக் பையில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று மட்டும் மலாயில் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. நாமும் கேட்கமாட்டோம். கேட்டால் டாக்டரைச் சோதிப்பதுபோல் ஆகிவிடும் என்று ஒரு கூச்சம்.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. அந்தக் கிளினிக்கின் வெள்ளை மாத்திரையைச் சாப்பிட்ட மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. நான்காம் நாள் உதடு வெந்துபோய்த் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பையைக் காட்டினேன். வார்டு டாக்டர் ஒரு சீனப் பெண். வெள்ளை மாத்திரை நூறு வகை இருக்கிறது, பெயர் தெரியாமல் அதையே நாங்களும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே போய்க் கேட்டு வா என்று மலாயில் சொன்னார். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதைப் பற்றிச் சுகாதார இலாகாவுக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்பும்படி அந்தக் கிளினிக் டாக்டரிடம் சொல் என்றும் சொன்னார்.

தன் மருந்தைப் பற்றித் தானே ரிப்போர்ட் எழுதும் ஆள் உண்டா? பஸ்ஸில் போகும்போதே, அவர் பையை வாங்கி மறைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இரண்டு மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன். அம்மா குடிக்க முடியாத கஞ்சித் தூக்கும் கையிலேயே இருந்தது.

"டாக்டர் பிஸி லா அங்கிள். நம்பர் எடுத்தீங்களா?" என்றாள் கவுண்டர் பெண்.

"நம்பரு கெடக்கட்டும்மா. என் பெஞ்சாதி வார்டுல கெடக்கா" என்று உள்ளே போய்விட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் பைக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"அங்கேருந்தே பாருங்க டாக்டர்."

"லாயரைப் பார்த்துட்டு வந்திருக்கீங்களா?"

"லாயரைப் பார்த்திருந்தா ஃபைலோட வந்திருப்பேன். கஞ்சித் தூக்கோடயா வருவேன்?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது. அவர் அம்மாவின் கார்டைத் தேடி எடுத்து, வார்டுக்குப் போன் போட்டு மருந்தின் பெயரைச் சொன்னார். இங்கிலீஷில் பேசியதால் எதை மறைக்கிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரிப்போர்ட்?" என்றேன்.

"இந்த மாத்திரையாலதான்னு நிச்சயமா சொல்ல முடியாதே அண்ணே."

"இதுக்கு முந்தி வேற யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "போன மாசம் டெங்கில் ஊர்லேருந்து ஒருத்தர் வந்தார். உதடு வீங்கிருச்சு. நிறுத்தச் சொன்னேன், சரியாயிட்டார்."

"எழுதி அனுப்புனீங்களா?"

"இல்ல."

"அதே மாத்திரைய என் பெஞ்சாதிக்கும் குடுத்தீங்க."

அவர் அடி டிராயரிலிருந்து ஓரம் மடிந்த ரிப்போர்ட் பாரம் ஒன்றை எடுத்தார். "சந்தேகம் இருந்தாலே அனுப்பலாம்னுதான் இதுல போட்டிருக்கு. அனுப்புனா என்னைத்தான் கேள்வி கேப்பாங்கன்னு விட்டுட்டேன்."

ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பெயர், வயது, எத்தனை மாத்திரை.

"வேற மருந்து ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?"

"இல்ல" என்றேன்.

அவர் எழுதக் குனிந்தார்.  கிளினிக் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த இரண்டாம் நாள் மத்தியானம் உடம்பு வலிக்கிறது என்று அம்மா முனகியிருந்தாள். என் கம்பெனி கிளினிக்கில் முதுகு வலிக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்தது. அதுவும் வெள்ளை மாத்திரைதான். அதில் இரண்டைக் கொடுத்தேன். அதே கிளினிக் மாத்திரை என்று நினைத்தாளோ, எதுவென்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இருங்க டாக்டர்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனிமேல் இந்த ஆள் பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்க மாத்திரைதான்னு சொல்லிட்டு நான் இப்பத் தப்பிச்சுக்கலாம், இல்லையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டையும் எழுதுவோம். பார்க்கறவங்க பார்த்து முடிவு பண்ணட்டும்." கம்பெனி கிளினிக்குக்குப் போன் போட்டு அந்த மருந்தின் பெயரையும் வாங்கினார். வார்டுக்கும் மறுபடி சொன்னார். பிறகு டெங்கில்காரருக்கும் ஒரு பாரம் எழுதினார். அப்போதும் நான் அவரை முழுதாக நம்பவில்லை. கவர்களை நானே வாங்கிக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

எந்த மாத்திரையால் வந்தது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு வாரம் கழித்து, உதடு ஆறி அம்மா பேச ஆரம்பித்தாள். கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில், கொடுக்கக் கூடாத மருந்துகள் என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததைக் காட்டி, "நான் ஒரு மாத்திரைதானே சாப்பிட்டேன்? ஏன் ரெண்டு மருந்துப் பேரு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

சொன்னேன். 

"டாக்டர் மறைச்சாரு, டாக்டர் மறைச்சாருன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னீங்களே" என்றாள்.

அப்போது மாத்திரை வேளை. தட்டில் இருந்ததை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மிஸ்ஸி, அதான் வார்டு நர்ஸ், வந்து கொடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.