வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு

என்னைப் போன்ற முட்டாள் இராஜபாளையத்தில் இன்னொருவர் இருந்தால், அவரும் பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசராகத்தான் இருப்பார். துணியில் கடுகளவு கறை பட்டாலும் ஒதுக்கித் தள்ளியே காலம் கழித்தவன் நான். வெள்ளையாக இருந்தால் நல்லது. அவ்வளவுதான் என் அறிவு.

அந்த அறிவோடுதான் என் மனைவி எஸ்தருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்தேன். சுவர், தரை, கதவு, கழிப்பறை எல்லாம் வெள்ளை. பூரித்துப்போய் அவளை அங்கே சேர்த்து, இரண்டு பண்டல் பேண்டேஜ் துணியை அன்பளிப்பாகவும் கொடுத்துவிட்டு வந்தேன்.

எஸ்தருக்கு டிமென்ஷியா (நினைவும் இனங்காணும் திறனும் தேய்ந்துகொண்டே போகும் நோய்). வீட்டில் தானாகக் கழிப்பறைக்குப் போய்வந்தவள், அங்கே அறை மூலையில் சிறுநீர் கழித்தாள். நோய் முற்றிவிட்டது என்றார்கள். நானும் நம்பி அவளைத்தான் கடிந்துகொண்டேன்.

டாக்டரிடம் சொன்னேன்.

"பாத்ரூம் கதவு என்ன கலர்?"

"பளிச்சுன்னு வெள்ளை, டாக்டர்."

"சுவரு?"

"அதுவுந்தான்."

"அப்ப கதவு எங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடர்நிறம் இருந்தால் கண்ணுக்குப் பிடிபடும் என்றார். இல்லத்தை நடத்தும் அம்மா உடனே சம்மதித்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து போனபோது கதவில் சிவப்புத் திரை தொங்கியது. எஸ்தர் நேராக அதை நோக்கி நடந்தாள். மனைவி கழிப்பறைக்குப் போனதற்குக் கைதட்டிய கணவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிறுகளில் மட்டுமே போகிறவன், பிறகொரு புதன்கிழமை சொல்லாமல் போனேன். திரை மடித்து அலமாரிமேல் இருந்தது. எஸ்தர் டயப்பரோடு நாற்காலியில் இருந்தாள். அவள் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது நான் கொடுத்த பேண்டேஜ் துணி.

"என்னம்மா இது?" என்று இல்லத்தை நடத்தும் அம்மாவைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான் திரையா?"

"பாக்க வாரவிய வெள்ளையா இருந்தாத்தான் ஆளச் சேக்காவ, ஸார். நீங்களும் அப்படிப் பாத்துத்தான வந்திய?"

முடிச்சை அவிழ்த்தேன். அன்றே கூட்டி வந்துவிட்டேன். இல்லம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல முடிவது ஒன்றுதான்: உங்களை எதிர்பார்க்காத நாளில் போய்ப் பாருங்கள்.

வீட்டுக் கழிப்பறைக் கதவுக்கு நானே கருநீலம் அடித்தேன். பாதி என் வேட்டிக்குப் போனது. இப்போது எங்களுக்குக் காலை, மாலை எல்லாம் அவள் எழும் நேரங்கள்தான். அவள் கால் அசைந்தால் என் கால் தானாகத் தரையைத் தேடுகிறது.

ஒருநாள் பெருமை தாளாமல் கேட்டேன்: "பாத்தியா எஸ்தரு, உன்னய நாந்தான கூட்டிட்டு வந்தேன்?"

"அங்க கொண்டுபோய் விட்டதும் நீங்கதான."