மாசியில் இறங்கிய ஆரஞ்சு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். வாக்கியம் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது, முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன். அக்கா கல்யாணத்துக்கு முன் நடந்தது மட்டும் ஓரளவு நினைவிருக்கிறது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற ரோட்டில், உள்ளே தள்ளி. கிணற்றுத் தண்ணீரில் கத்தரி, மிளகாய், சின்ன வெங்காயம் போடுவோம். அப்பா மாட்டுவண்டியில் காய் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவார். எங்கள் பக்கத்தில் வெங்காயம் என்றால் எல்லார் காட்டிலும் ஏறக்குறைய ஒரே வாரத்தில்தான் பிடுங்குவார்கள். பக்கத்துக் காட்டில் பிடுங்கியாயிற்று என்று கேள்விப்பட்டால் போதும், நம் வெங்காயத்தைத் தோண்டிப் பார்க்கவே வேண்டாம். பயிர் என்றால் அப்பாவுக்கு அப்படித்தான் தெரியும். மலை வெள்ளாமை அவர் பார்த்ததில்லை.

மார்க்கெட்டில் அவருக்கு ஒரு குதிரைக்காரர் பழக்கம். சிறுமலையிலிருந்து மட்டக்குதிரை முதுகில் வாழைத்தாரும் ஆரஞ்சும் ஏற்றி இறக்குகிறவர். அவர்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை சொன்னார். எங்கள் ஆட்கள்தான், மேலே போய்க் குடியேறியவர்கள். மலையில் உச்சிக்குப் பக்கத்தில் தோட்டம்.

ஆவணியில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தோளில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டிருந்தார். எங்கள் ஊர் வெயிலில் கம்பளியைப் பார்த்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"விடியக்கால எறங்கும்போது பல்லு கிட்டிருச்சு. இங்க வந்து வேகுது" என்றார்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்று எனக்கே தெரிந்தது. மறுநாளே பழைய சேலைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் போர்வை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: "ஆரஞ்சு எறக்குனதும் பரிசம் போட வாரோம் அண்ணே. சொந்தத் தோட்டத்துப் பழம் இல்லாம நாங்க தாம்பாளம் வைக்கிற வழக்கம் இல்ல."

அப்பாவும் சரி என்று தலையாட்டினார். எந்த மாசம் என்று அவர் கேட்கவுமில்லை, அந்த அம்மா சொல்லவுமில்லை.

கார்த்திகையில் மார்க்கெட்டில் ஆரஞ்சு வந்து குவிந்தது. அன்று நானும் வண்டியில் போயிருந்தேன். அப்பா ஒரு பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரைக்காரரைத் தேடிப் போனார்.

"என்னய்யா, பழம் வந்துருச்சு. சம்பந்தியக் காணாம்?"

"இது அடிவாரத்துத் தோட்டத்துப் பழம்ணே. மேல இன்னும் காயி பச்சையாத்தான் கெடக்கு."

"ஒரே மலை, ஒரே மரம். ஒரு பக்கம் பழுக்கும், ஒரு பக்கம் பழுக்காதோ?"

"மேல குளிருண்ணே. மெதுவாத்தான் முத்தும்."

"ஆமா, காயெல்லாம் கம்பளியப் போத்திக்கிட்டுத் தூங்குதாக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குதிரைக்காரரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை. அந்தப் பழத்தை எனக்குக் கொடுத்தார். பெரிய பழம்தான். பாதி பச்சை, பாதி மஞ்சள். தோல் சுளையோடு ஒட்டிக்கொண்டு உரிய மாட்டேன் என்றது. புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டேன்.

மார்கழியும் போயிற்று. கிணற்றடியில் பெண்கள் அக்காவைப் பார்த்து, "என்னடி, மலைக்காரன் மலையோட நின்னுட்டானா?" என்று கேட்பார்கள். அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். "ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்."

"பொண்ணப் பெத்தவன் மலையேறிப் போய், எப்ப வாரீகன்னு கேக்கணுமா? இருக்கிற மானமும் போகட்டுமா?"

அந்தச் சமயம் ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சொந்தத்திலிருந்து ஒருவருக்கு அக்காவைக் கேட்டு வந்தார்கள். அவருக்கு முதல் தாரம் தவறிவிட்டது, இரண்டு குழந்தைகள். அப்பா உடனே வார்த்தை கொடுத்துவிட்டார்.

அக்கா அப்பா முன்னால் நின்று பேசியதே கிடையாது. அன்று பேசினாள். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்ப்பா."

"எதுக்கு? இந்நேரம் மரத்துல பழம் இருக்கும்னு நெனைக்கிறியா?"

தை கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் முடிந்தது. தைத்த போர்வையை அவள் கொண்டுபோகவில்லை. அம்மா அதை வண்டியில் விரிக்க எடுத்துக்கொண்டாள்.

மாசியில் அவர்கள் வந்தார்கள்.

வாசலில் குதிரைச் சத்தம் கேட்டு ஓடினேன். மாப்பிள்ளை குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அம்மா தாம்பாளத்தோடு, புதுச்சேலை உடுத்தி, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகிற சத்தத்திலேயே அவருக்குப் பாதி புரிந்திருக்கும்.

"பொண்ணக் குடுத்துட்டோம் மதினி."

"எங்க குடுத்தீக? சொல்லித்தான போனோம், பழம் எறக்கிட்டு வாரோம்னு?"

அப்பா எழுந்து நின்றார். "பழம் கார்த்திகையிலயே வந்துருச்சும்மா. நான் கண்ணால பாத்தேன்."

"அது கீழ உள்ளவுக பழம் அண்ணே. வெக்கையில சீக்கிரம் பழுத்துரும். எங்க மேட்டுல மாசிதான்."

மாப்பிள்ளை கூடைகளை இறக்கி வாசலில் வைத்தார். "ஏன்ப்பா எறக்குற?" என்றார் அவர் அம்மா. "கொண்டாந்தத எப்படித் திரும்ப ஏத்துறது? பிள்ளைக தின்னட்டும்" என்றார் மகன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

கார்த்திகைப் பழத்தைவிடச் சின்னப் பழம். ஆனால் நல்ல சிவப்பு. தோல் சட்டைபோலத் தளர்ந்திருந்தது, விரல் பட்டாலே உரிந்துவந்தது. வீடெல்லாம் வாசம். அம்மா தெருவுக்கே பங்கு வைத்தாள். நான் தின்றேன், சின்னப் பிள்ளைதானே. அவ்வளவு இனிப்பான ஆரஞ்சை அதற்கு முன்னால் நான் தின்றதில்லை. அப்பா தொடவில்லை.

அக்கா வாழ்ந்த வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். அடி உதை கிடையாது, சோற்றுக்குப் பஞ்சமில்லை. அத்தான் அவளோடு பேச மாட்டார், அவ்வளவுதான். மூத்தவளின் குழந்தைகளையும் தன்னுடையதையும் அவள் சேர்த்தே வளர்த்தாள்.

அறுபதுகளில் என்னைத் திண்டுக்கல் டவுனில் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு மாசி மாசம் டாக்டரிடம் காட்ட அக்கா வந்தாள். நெஞ்சு வலி என்றாள். திரும்பும்போது மார்க்கெட் வழியாக வந்தோம். ஒரு கடையில் ஆரஞ்சு அடுக்கியிருந்தது. அக்கா நின்றாள். அவள் பேச்செல்லாம் ஒட்டன்சத்திரத்துப் பேச்சாக மாறியிருந்தது.

"ஏனுங்க, இது அடிவாரத்துப் பழமுங்களா, மேலத் தோட்டமுங்களா?"

"மேலதாம்மா. அடிவாரத்துது தை பொறக்கையிலயே தீந்துபோச்சு."

அக்கா ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"வாங்கலையாக்கா?"

"பிள்ளைகளுக்குச் சளி புடிச்சுக்கும். வா, பஸ்ஸு போயிரும்."

அதற்குப் பிறகு அவள் அதிக காலம் இருக்கவில்லை. காரியம் முடிந்த அன்று அம்மா அப்பாவிடம் கேட்டேவிட்டாள். "அன்னைக்கு ஒரு எட்டு மேல போயிருந்தா என்ன?"

அப்பா குரலை உயர்த்தவில்லை. "அவுக வேற எடத்துல பொண்ணு தேடிட்டு, அமையாம திரும்பி வந்தாக. பழத்து மேல சாக்குச் சொன்னாக. ஒரே மலையில அம்புட்டு வித்தியாசம் வராது."

சாகும்வரை அப்பா அதையேதான் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அந்த மலைக்கார அம்மாவின் முகமும் பொய் சொல்கிற முகம் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிரைக்காரரும் ஒரு கடைக்காரரும் சொன்ன வார்த்தைதான். அவர் சம்பந்தம் பேசிவிட்டவர், இவர் விற்பதற்காக எதையும் சொல்லியிருக்கலாம். இப்போது அங்கே ஆரஞ்சு மரமே குறைந்துபோயிற்று என்கிறார்கள், போய்ப் பார்க்கவும் என்னால் முடியாது. மலைத் தோட்டம் தெரிந்த யாராவது இதைப் படித்தால், அடிவாரத்தில் கார்த்திகையில் பழுக்கிற ஆரஞ்சு உச்சியில் மாசிவரைக்கும் பழுக்காமல் இருக்குமா என்று விசாரித்துப் பாருங்கள். நான் மாசங்களைத் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.