கியூவில் முதல் ஆள்

போன திங்கட்கிழமை பேங்க் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் அக்கவுன்ட் நம்பரைத் தட்டினாள். ஸ்கிரீனில் அசைவே இல்லை.

"இப்பத்தான் சார் ஆன் பண்ணோம். முதல் ஆளுக்குக் கொஞ்சம் யோசிக்கும்" என்றாள், ஏதோ அவளே தப்பு செய்துவிட்ட மாதிரி.

எனக்குப் பின்னால் நின்றவர் 'ச்சு' கொட்டினார். அவருக்கும் பின்னால் ஒருவர், "இதுக்குப் பேர் கம்ப்யூட்டர்!" என்று உத்தரத்தைப் பார்த்துச் சொன்னார். நானோ சிரித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

நம்ப மாட்டீர்கள், தெரியும். கேஸ் சிலிண்டர் லேட்டாக வந்ததற்கு இதே பத்திரிகைப் பக்கத்தில் ஒரு வாரம் முழுக்கப் புலம்பித் தீர்த்த ஆசாமி நான். காத்திருப்பது என்றாலே எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால், முதல் ஆளாக, காத்திருக்கச் சொன்னால் மட்டும் பொறுமை வந்துவிடுகிறது. அதைக் கற்றுக்கொண்ட இடம் ஏற்காடு.

பல வருஷங்களுக்கு முன்னால் சேலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஏற்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளின் விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார்கள். டேட்டாபேஸ் என்ற வார்த்தையே அப்போது புதுசு. ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டவர் ஷமீமா. ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் அவர் அப்பாவுக்குத் துணிக்கடை. கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று பெரிய டாக்டரம்மாவிடம் விடாமல் சொல்லிச் சம்மதிக்க வைத்தவரே அவர்தான். பழைய விவரங்கள் அத்தனையையும் ஒற்றை ஆளாக டைப் செய்தவரும் அவர்தான்.

நான் என் பங்குக்கு எல்லாவற்றையும் பெயர் வரிசைப்படி ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தேன். அகர வரிசை. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதில் என்ன தவறு இருக்க முடியும்?

இங்கே ஒரு நிமிஷம் பாடம் நடத்த அனுமதி வேண்டும். டேட்டாபேஸில் ஒரு ஆளுடைய பெயர், ஊர், வயது, வியாதி எல்லாம் சேர்ந்தது ஒரு 'ரோ'. அவை டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஆளின் ரோ வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாகக் கிள்ளி எடுத்து வர முடியாது. பல ரோக்கள் சேர்ந்தது ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை முழுசாக மெமரிக்குத் தூக்கி வந்து, அதன் தலைப்பில் எந்த ரோ எங்கே ஆரம்பிக்கிறது என்று இருக்கிற குறிப்பைப் பார்த்து, அதற்கப்புறம்தான் நம் ஆளைப் படிக்கும். இட்லி மாதிரி. ஒரே ஒரு இட்லி வேண்டும் என்றாலும் தட்டோடுதானே இறக்குகிறோம்?

டிஸ்க்கிலிருந்து தூக்கி வருவதுதான் நேரம் பிடிக்கும். மெமரிக்கு வந்துவிட்ட தட்டிலிருந்து அடுத்த இட்லியை எடுக்க நேரமே ஆகாது. ஆனால் அந்தக் காலத்து மெஷினில் மெமரி ரொம்பச் சின்னது. நாலு தட்டு வைத்தால் இடம் நிறைந்துவிடும். புதுத் தட்டு வேண்டுமென்றால், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பழைய தட்டு வெளியே போயாக வேண்டும். பாடம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை, நாகலூர் என்ற மலைக் கிராமத்துக்காரர்கள் வரும் நாள். காலை பஸ்ஸில் மொத்தமாக வந்து இறங்குவார்கள். மத்தியான பஸ்ஸில் மொத்தமாகத் திரும்புவார்கள். அதை விட்டால் சாயங்காலம்தான் பஸ்; மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. கம்ப்யூட்டர் வைத்தபின் வந்த முதல் செவ்வாய் அது. ஷமீமா பக்கத்தில் நாற்காலி போட்டு, பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

"பேர் சொல்லுங்க" என்றார் ஷமீமா.

"நாகலூருங்க."

"பேருங்க?"

"சேர்வராயனுங்க."

அடுத்தவரும் அப்படியே. பேர் கேட்டால் "நாகலூருங்க." அதற்கடுத்தவரும். எனக்கு எரிச்சல். "பேர் கேட்டா ஏன் ஊரைச் சொல்றாங்க?" என்றேன்.

"இங்க ஊரைத்தான் முதல்ல சொல்லுவாங்க சார். பேரு அப்பறந்தான்" என்றார் ஷமீமா, ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்கிரீனில்தான் ஒன்றும் வரவில்லையே. டிஸ்க் மட்டும் கர்ர்... கர்ர் என்று அரைத்துக்கொண்டிருந்தது. சேர்வராயன் மலைத் தெய்வத்தின் பெயர் — இந்த மலையில் ஊருக்கு ஊர் சேர்வராயன்கள். அம்மன் பெயரில் ஊருக்கு ஊர் காவேரிகள். ஒரு சேர்வராயனைக் கேட்டால், மலையில் இருக்கிற அத்தனை சேர்வராயன்களும், அவர்கள் முன்பு வந்துபோன விவரங்களும் பக்கம் பக்கமாக மெமரிக்கு வந்து இறங்கினார்கள். இவர் எந்தச் சேர்வராயன் என்று கண்டுபிடித்து முடிப்பதற்குள் அடுத்து நிற்பது காவேரி. உடனே சேர்வராயன்கள் வெளியே, காவேரிகள் உள்ளே. அதற்கடுத்து இன்னொரு சேர்வராயன். திரும்ப முதலிலிருந்து...

கியூ நகரவில்லை. யாரும் சத்தமும் போடவில்லை. எனக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. திட்டினாலாவது பதில் சொல்லலாம்.

முதலில் வந்த சேர்வராயனின் மனைவி பெயர் காவேரி. நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கி, பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவர் டாக்டரிடம் போன நேரத்தில் வெளியே பஸ் ஹார்ன் கேட்டது. கியூவில் இன்னும் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்மாளுக இன்னும் இருக்கறாங்களா?"

"இன்னும் பாதிப்பேரு இருக்கறமுங்க" என்றார் சேர்வராயன்.

"செரி, முடிச்சுட்டு வாங்க. மாசமா இருக்கற புள்ளைய உட்டுப்போட்டு எங்க போறது?"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள், எங்களோடு சம்பந்தமே இல்லாத வேறு ஊர்க்காரர்கள் உட்பட, பேசாமல் காத்திருந்தார்கள். நான் எழுதிய புரோகிராமுக்காக ஒரு பஸ்ஸே நின்றது. அவர்கள் யார் பெயரும் எனக்குத் தெரியாது. இன்று நினைத்தாலும் அவர்களை வணங்கத் தோன்றுகிறது.

பஸ் போனதும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் காவேரிக்கு பிரஷர் ஏறிட்டு வருது தம்பி. வாராவாரம் நான் பாத்தே ஆகணும். பஸ் போயிருமோன்னு பயந்துட்டு அடுத்த வாரம் அந்தப் பொண்ணு வரலைன்னா, அது உயிர் விஷயம். உங்க மெஷினால அது வராம போகும்னா எனக்கு மெஷினே வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாக உறைத்தது. ஷமீமா என் முகத்தைப் பார்க்காமல் தட்டச்சுப் பலகைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஏறப் போன சேர்வராயனிடம் "அடுத்த வாரமும் வந்துருவீங்கல்ல?" என்று நான் கேட்டதற்கு அவர் சொல்லிவிட்டுப் போன பதில் வேறு காதிலேயே நின்றது.

"பாக்கலாமுங்க. இன்னிக்கே நொம்ப நேரமாயிருச்சுங்க. எல்லாரையும் காக்க வெச்சுட்டமுன்னு அவ சங்கடப்படறா."

காக்க வைத்தது அவளா? நானல்லவா!

அன்று சாயங்காலம் சேலம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிக்கொண்டே இறங்கும்போது அந்தக் குரல்கள் திரும்பத் திரும்ப வந்தன. நாகலூருங்க. நாகலூருங்க. நாகலூருங்க.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவர்கள் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். ஒரே கியூவில் நிற்கிறார்கள். ஒன்றாகத்தான் திரும்புகிறார்கள். நானோ புருஷனை ஒரு மூலையிலும் பெண்டாட்டியை வேறொரு மூலையிலும் வைத்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்தே இராத சேர்வராயன்களை அக்கம்பக்கத்தில் குடி வைத்திருக்கிறேன்! ஊர்ப்படி அடுக்கி, ஊருக்குள் வீட்டுப்படி அடுக்கினால்? நாகலூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டால், அவரோடு அதே பக்கத்தில் அவர் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர் எல்லாரும் மெமரிக்கு வந்துவிடுவார்கள். கியூவில் அடுத்து நிற்கப் போவதும் அவர்கள்தானே?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏற்காட்டிலேயே கிடந்தேன். மலையில் மழை பெய்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் மெமரியில் இருப்பது அத்தனையும் போகும். நல்லவேளையாக, செய்கிற மாற்றத்தைப் பற்றி டேட்டாபேஸ் முதலில் டிஸ்க்கில் ஒரு வரி குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் அதைப் பார்த்து விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் நான்தான் நம்பாமல் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஷமீமா ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து, யார் எந்த ஊர், எந்த வீடு என்று சரிபார்த்துக் கொடுத்தார். அவர் வீட்டிலிருந்து வந்த பிரியாணியை நான் தின்ற வேகத்தைப் பார்த்து, "மெஷினும் இந்த ஸ்பீடுல ஓடுமா சார்?" என்றார், சிரிக்காமலே.

செவ்வாய்க்கிழமை வந்தது. சரியான மூடுபனி. நாகலூர் பஸ் சத்தம்தான் முதலில் கேட்டது, அப்புறம்தான் லைட் தெரிந்தது. நான் வாசலிலேயே நின்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். காவேரியைக் காணோம். கடைசியாகச் சேர்வராயன் பின்பக்கமாக இறங்கினார். இறங்கிக் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு காவேரி மெள்ள இறங்கினார். என் கண் கலங்கியதை நான் மறைக்கவில்லை, பனி மறைத்துக்கொண்டது.

கியூவில் இருந்தவர்கள் விலகி வழிவிட, முதல் ஆளாகச் சேர்வராயன் கவுன்ட்டருக்கு வந்தார்.

"நாகலூருங்க" என்றார்.

இந்தத் தடவை ஷமீமா பெயர் கேட்கவில்லை. முதலில் ஊரைத்தான் தட்டினார். டிஸ்க் கர்ர் என்றது. ஸ்கிரீன் சும்மா இருந்தது. மறுபடி கர்ர். போச்சு, என்று நினைத்துக்கொண்டேன். சேர்வராயன் என்னைப் பார்த்தார். திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க, தேடுதாட்டம் இருக்குது" என்றார் அமைதியாக. என் மெஷினுக்கு அவர் ஜாமீன் நின்றார்.

பெயர் வந்தது.

அடுத்தது காவேரி. ஷமீமா விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் ஸ்கிரீனில் காவேரி. அடுத்தவர் வந்தார், உடனே வந்தது. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. டிஸ்க் வாயே திறக்கவில்லை. சேர்வராயன் நின்று காத்திருந்த அந்த நேரத்தில் மொத்த நாகலூரும் மெமரிக்கு வந்து உட்கார்ந்திருந்தது. ஷமீமா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று மத்தியான பஸ் ஹார்னே அடிக்கவில்லை. எல்லாரும் முன்னாடியே போய் ஏறி, பஸ்ஸில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். காவேரிதான் பஸ்ஸில் இல்லை. பிரஷர் எகிறியிருக்கிறது என்று டாக்டரம்மா அங்கேயே வார்டில் படுக்க வைத்துவிட்டார். சேர்வராயன் வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தார். அடுத்த சில நாளில் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். "அன்னிக்கு வராம இருந்திருந்தா ரெண்டுல ஒண்ணுகூட நமக்கில்ல" என்று டாக்டரம்மா பின்னால் ஒருநாள் சொன்னபோது, எனக்கு அந்த பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்த சத்தம்தான் ஞாபகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் அனுபவிக்கிற சுலபத்தில் எத்தனை, நமக்கு முன்னால் யாரோ பொறுமையாக நின்றதால் கிடைத்தவை? நமக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும். அதுவும் நம் முறை வந்ததும் மறந்துவிடும்.

பேங்க்கில் என் கணக்கு ஒருவழியாக ஸ்கிரீனில் வந்தது. வேலை முடிந்து நகர்ந்தேன். 'ச்சு' கொட்டியவருக்கு அடுத்த கணமே முடிந்துவிட்டது. "பாத்தியா, எனக்கு மட்டும் உடனே வந்துருச்சு!" என்று அவர் பின்னாலிருந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டு போனார். எனக்கு நன்றி சொல்லவேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானும்தான் அன்றைக்குச் சொல்லவில்லை.

நொம்ப நன்றிங்க, நாகலூர்ச் சேர்வராயன்.