பினாங்கில் கேட்ட லாஞ்சுச் சத்தம்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழி காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இரண்டு இஞ்சின் பட்டறை போட்டேன். ஐஸ் ஆலை ஒன்று கட்டினேன். சண்டையில் இரண்டு தரம் எரிந்த வீட்டை மூன்றாம் தரம் மாடியோடு எழுப்பினேன். குச்சவெளி தொடங்கி மூதூர் வரைக்கும் கடலில் ஓடுகிற வள்ளங்களில் என் கை படாத இஞ்சின் குறைவு. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமை இல்லையென்றால் பிறகு எதற்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும்?

போன கிழமை பேத்தி கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். கோலாலம்பூரில் படிக்கிறாள். சனி ஞாயிறு லீவுக்குத் தோழிகளோடு பினாங்கு போய், அங்கே ஆட்களை ஏற்றி இறக்குகிற பெரிய படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூடவே குரலும் வந்தது. "அப்பப்பா, நீங்கள் படிச்ச நாட்டில நான் இன்னொரு ஊரும் பாத்திட்டன். நீங்கள் இஞ்ச வந்தனீங்களோ, இல்லாட்டி வகுப்பில முதலாமாளா வந்த கதை மட்டும்தானோ?" குசினிக்குள் மருமகள் சிரித்தது கேட்டது. அந்தக் கதையை நான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பேத்தியின் முகத்தைவிட அவள் பிடித்திருந்த கம்பியைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கறள் பிடித்து, மேலே எண்ணெய் படிந்த கம்பி. படத்துக்கு மணம் கிடையாது என்பார்கள். எனக்கு டீசல் மணத்தது. நானும் அங்கே போனேன். ஒரே ஒரு சனி ஞாயிறு. வீட்டில் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மூதூருக்குப் போக வேண்டுமென்றால் லாஞ்சுதான். குடாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். என் லாஞ்சின் இஞ்சின் எங்கேயும் வாங்கினது இல்லை. செத்துப்போன இரண்டு இஞ்சின்களை அறுத்து ஒன்றாக்கி, லொறிப் பிஸ்டன் ஒன்றை அரம் போட்டுத் தேய்த்து உள்ளே இறக்கினேன். படித்த இஞ்சினியர் ஒருவர் பார்த்துவிட்டு, இது ஓடாது என்றார். நான் படிக்கப் போகிறதுக்கு முன்னமே எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு குறைதான். நாலாவது சிலிண்டர் சரியாக அடிக்காது. டக், டக், டக், பிறகு ஒரு வெறுமை. தம்பி சிவம் சொல்லுவான், "அண்ணை, உங்கட இஞ்சின் மூண்டு சொல்லுக் கதைச்சுப்போட்டு நாலாவதை விழுங்குது. ஆரைப்போலயெண்டு நான் சொல்லேல்லை."

அதைக் காலையில் கிளப்புவது ஒரு வித்தை. மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காற்று இழுக்கிற வாயில் பிடிக்க வேண்டும். இழுப்பு விழுகிற கணத்தில் கையை எடுக்க வேண்டும். பிந்தினால் இழுக்காது, முந்தினால் முடி பொசுங்கும். இந்த வித்தை உலகத்தில் எனக்கும் சிவத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். லாஞ்சில் எங்களோடு மூதூர் இஸ்மாயில் காக்காவும் வேலை செய்தார்; முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கயிறு எறிவார், ஆட்களை ஏற்றுவார். அவரைப் பற்றி அப்போது கேட்டிருந்தால் நான் அவ்வளவுதான் சொல்லியிருப்பேன்.

மீன்பிடித் திட்டம் ஒன்றில் மாவட்டத்துக்கு ஒரு மெக்கானிக்கை மலேசியாவுக்குப் படிக்க அனுப்புகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பினது சிவம். அவன் என்னைப்போல இல்லை, படித்தவன். என் ஐந்தாம் வகுப்பை எட்டாம் வகுப்பாக்கினதும் அவன்தான். "மூண்டு வகுப்பு நான் படிச்சதில தாறன் அண்ணை, எனக்குக் காணும்" என்றான். லாஞ்சையும் அம்மாவையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். முப்பத்துநாலு வயதில் மாணவன். முதல் நாள் நான் உள்ளே போக வகுப்பு முழுதும் எழும்பி நின்றது, வாத்தியார் என்று. நான் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரத்தான் சிரித்தார்கள். இஞ்சினைக் கழற்றச் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

இந்திய இராணுவம் போய்ச் சில மாதத்தில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. சிவத்தின் கடிதம் நின்றுபோயிற்று. தொலைபேசி இல்லை, தந்தி திரும்பி வந்தது. விடுதி அறையில் ஈரச் சுவர் மணத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு வானொலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருகோணமலை என்ற பெயர் வரும். எங்கள் தெருவின் பெயர் வராது. படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று கல்லூரித் தலைவரிடம் சொன்னேன். ஒரு படிவத்தைக் கையில் தந்து, "திங்கட்கிழமை கையெழுத்து வைத்துக் கொண்டு வா. போனால் திரும்ப வர முடியாது" என்றார்.

அந்தக் கிழமைதான் சாப்பாட்டு மேசையில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு நீளமான சொல்லைப் பார்த்தேன். ஆங்கிலம் வாசிக்க மாட்டேன். ஆனால் லாஞ்சின் அனுமதிப் பலகையில் அந்தச் சொல்லுக்கு நானே மை பூசியிருக்கிறேன். பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஈப்போக்காரன் முனியாண்டியிடம் காட்டினேன். "இது கப்பல் லிஸ்டுண்ணே. உங்க திரிகோணமலையிலேர்ந்து கோதுமைக் கப்பல் ஒண்ணு, மிச்சத்தை இறக்க சனிக்கிழமை பினாங்கு வருது" என்றான். நான் சோற்றை அப்படியே விட்டு எழும்பினேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஏழு மணித்தியாலம். துறைமுகப் படலைக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. கருவாடும் டீசலும் கலந்த மணம். எங்கள் இறங்குதுறையின் மணமேதான். அந்தக் கப்பலில் இருந்து வந்தவர்களில் ஒருவர் தமிழ் பேசினார். தூத்துக்குடிக்காரர், கப்பல் சமையல்காரர்.

"தரையில காலே வைக்கல அண்ணாச்சி. நேவிக்காரன் எறங்க விடல. கரையில பொகை தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான்" என்றார்.

"அப்ப கப்பலுக்கு மரக்கறி ஆர் கொண்டு வந்தது?"

"ஒரு லாஞ்சு வந்துச்சு. ஏஜெண்டு ஆளுக, கத்திரிக்கா மூட்டை. அதெல்லாம் ஒரு லாஞ்சா? நெஞ்சுச் சளி பிடிச்ச கெழவன் மாதிரில்லா வந்துச்சு."

கிளாஸை மேசையில் வைத்தேன். "அதின்ரை சத்தத்தை ஒருக்காக் காட்டுங்கோ."

"லாஞ்சு சத்தம் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்துவிட்டுக் கரண்டியை எடுத்து மேசையில் தட்டினார். டக், டக், டக். கரண்டியை மேலே தூக்கிப் பிடித்தார். திரும்பவும் மூன்று. திரும்பவும் கரண்டி மேலே நின்றது.

"ஓட்டினது ஆர்?" என்றேன்.

"கப்பல் மேல நின்னு பாத்தா தலை மட்டுந்தான் தெரியும். துண்டு கட்டியிருந்தாரு."

சிவமும் தலையில் துவாய் கட்டுவான். கடலில் வேலை செய்கிறவன் எவன்தான் கட்டமாட்டான்? அந்தக் கேள்வி எனக்கு அன்று வரவில்லை. இஞ்சின் ஓடுகிறது, அதைக் கிளப்பத் தெரிந்தவன் நானில்லாமல் இன்னும் ஒருத்தன்தான், ஆகவே தம்பி உயிரோடு இருக்கிறான். என் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

பிறகு அக்கரைக்குப் போகிற படகில் ஏறினேன். போய் இறங்காமல் திரும்பி வந்தேன், மறுபடி போனேன். எல்லாரும் யாரோடாவது வந்திருந்தார்கள். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்த சீனக் கிழவரிடம், "என்ரை தம்பி இருக்கிறான் ஐயா" என்று தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சீனியில் ஊறின சாதிக்காய்த் துண்டு ஒன்றைத் தந்தார். இன்றைக்கும் சாதிக்காய் மணத்தால் எனக்கு அந்தத் தண்ணீர்தான் முன்னுக்கு வருகிறது. அவ்வளவு சந்தோஷமான, அவ்வளவு தனியான மத்தியானம் எனக்குப் பிறகு வரவில்லை.

திங்கட்கிழமை படிவத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சம் ஐந்து மாதம் நின்று படித்து, முதலாமாளாக வந்தேன்.

ஊருக்கு வந்த நாள், வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேரே இறங்குதுறைக்கு நடந்தேன். லாஞ்சு கண்ணுக்குத் தெரிய முன்னமே சத்தம் வந்தது. கையை உயர்த்திக்கொண்டு ஓடினேன். சுக்கானில் துவாய் கட்டிக்கொண்டு நின்றது இஸ்மாயில் காக்கா.

நான் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? "காக்கா, இதை ஸ்டார்ட் பண்ண உங்களுக்கு ஆர் காட்டித் தந்தது?"

அவர் இஞ்சினை நிறுத்தினார். "எட்டு வருசம் உங்களுக்குப் பக்கத்திலதானே நிண்டன் தம்பி. நீங்க ஒருநாளும் திரும்பிப் பார்க்கல்ல." பிறகு, "உங்கட உம்மாவைப் பார்த்தீங்களா?" என்றார்.

"இல்லை. சிவம் எங்க?"

"சண்டை தொடங்கின மூணாம் நாள் றோட்டில வச்சுப் பிடிச்சிட்டுப் போனாங்க. வரல்ல."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"உங்கட விலாசம் அவன்ட சட்டைப் பையிலதானே இருந்த."

அம்மா அந்த மாதங்கள் முழுக்க அவன் படத்தைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஒவ்வொரு இராணுவ முகாமாகத் தனியே நடந்திருக்கிறா. "உனக்கு வேற பிள்ளை இல்லையோ" என்று கேட்டவர்களிடம், "மூத்தவன் வெளியில படிக்கிறான்" என்று சொல்லியிருக்கிறா. என்னிடம் அவ ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டுத் தந்தா. கேட்டிருக்கலாம்.

இப்போது கிண்ணியாப் பக்கம் பாலங்கள் வந்துவிட்டன. மூதூருக்கு பஸ்ஸில் நித்திரை கொண்டே போகலாம். லாஞ்சு நின்றுபோயிற்று. இஞ்சினைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். அம்மாவும் இல்லை, இஸ்மாயில் காக்காவும் இல்லை. குடாவில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களும் குறைந்துகொண்டு போகிறார்கள்.

மூதூர் ஆசிரியர்கள் சிலர் லாஞ்சுக் காலத்தைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். எழுதினதை ஒருவர் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். சண்டைக்குள் லாஞ்சை ஓட்டினவர் இஸ்மாயில் என்று இருக்கிறது. சரி, அது முதலில் இருக்கட்டும். காணாமற்போனவர் சிவம் என்று இருக்கிறது. அதுவும் இருக்கட்டும். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த இஞ்சினைச் செய்தவன் நான். அதில் சிவத்தை நிற்க வைத்துவிட்டுப் போனவன் நான். ஒரு கரண்டிச் சத்தத்தை நம்பி அம்மாவைத் தனியே நடக்க விட்டவனும் நான். மலர் போடுகிறவர்களே, மூன்றையும் எழுதுங்கள், கீழே என் முழுப் பெயரையும் போடுங்கள். அதுவரைக்கும் அந்த மலரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.